ஒரு நாள் ஓடும்

புதன்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு நிற்கும்போது, எல்லப்பன் தன் மனைவிக்கு ஓய்வு கொடுப்பது என்று முடிவு செய்தான். சனியும் ஞாயிறும். கடற்காற்று, சவுக்குத் தோப்பு, பல்லவர் சிற்பம் எல்லாம் அதில் அடக்கம். கல்யாணமானதிலிருந்து அவளை அப்படி எங்கேயும் அழைத்துப் போனதில்லை என்பது அந்த நிமிடத்தில் அவனுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அந்த அநியாயம் அன்றைக்குப் பார்த்து உறைத்ததற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தெய்வநாயகி சொல்லிவிட்டிருந்தாள். சனிக்கிழமை பழைய சாமான் எடுக்கிறவன் வருகிறான், தெருப்பக்க ரூம் காலியாக வேண்டும்.

எல்லப்பனுக்கு ஃபேன், மிக்ஸி, மோட்டார் ரிப்பேர் வேலை. வீடு, அணுமின் நிலைய ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்புக்கு வெளியே, வேலை பெரும்பாலும் உள்ளே. அங்கே ரிட்டயராகிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள், போகிற அன்று ஓடாததையெல்லாம் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஸ்பேருக்கு ஆகும் என்பான். தெருப்பக்க ரூமில் டேபிள் ஃபேன்கள் கழுத்தொடிந்து கிடந்தன. மிக்ஸிகளின் மேல் மிக்ஸிகள், அவற்றின் மேல் ஒரு வாஷிங் மெஷினின் வயிறு. இதெல்லாம் எதற்கு என்று யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஒரு நாள் ஓடும்."

போன வருஷம் அந்த ரூம் கதவை உள்ளே தள்ளித் திறக்க முடியாமல் போனது. அவன் சாமானைக் குறைக்கவில்லை. கதவைக் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, நீளமான பட்டைக் கீல் போட்டுத் திருப்பி மாட்டினான். தச்சனைக் கூப்பிடாமல் செய்த வேலை என்று அதில் அவனுக்கு இன்னும் பெருமை உண்டு.

தெய்வநாயகிக்கு அந்த ரூம் தையலுக்கு வேண்டியிருந்தது. குடியிருப்புப் பெண்கள் அவளிடம்தான் பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். தையல் மெஷின் அடுப்பங்கரை மூலையில் இருந்தது. போன மாதம் ஒரு பட்டுப் பிளவுஸ் மேல் மீன்குழம்பு தெறித்தது. அதைத் தைக்கக் கொடுத்த அம்மா சத்தம் போடவில்லை. வேறு தையல்காரியைப் பார்த்துக்கொண்டார். தெய்வநாயகி நாலு வருஷமாக ரூமைக் கேட்கிறாள். பொங்கல் கழியட்டும் என்பான் அவன். நாலு பொங்கல் கழிந்திருந்தது.

"இன்னா திடீர்னு?" என்றாள் அவள், அவன் விஷயத்தைச் சொன்னதும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"நீ ஒழைச்சிகினே கீற தெய்வா. மனசு கேக்கல."

"சனிக்கெழமயேவா?"

"மகாபலிபுரத்துல ரூம் போட்டாச்சு. பணம் திரும்பாது."

"சரி, போலாம்."

அந்தச் 'சரி'தான் அவனை உறுத்தியது. ஒரு கிலோ தக்காளிக்குக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மகாபலிபுரத்தில் எதற்கு ரூம், பஸ் ஏறினால் அரை மணியில் வீடு, அங்கே போய்ப் படுத்து எழுந்து வருவதற்கா பணம் என்று கேட்டாள். இயற்கையின் மடி, வரலாற்றின் நிழல் என்று எல்லப்பன் போனில் வந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டினான். மடி, நிழல் இரண்டுக்கும் தனித்தனியாக வாடகையா என்று அவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லப்பன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான். தெருப்பக்க ரூமைப் பூட்டி, நாலு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

"திருடன் வந்தா உள்ள பாத்துட்டு, பாவம்னு எதனா வச்சிட்டுப் போவான்," என்றாள் தெய்வநாயகி.

அவள் இரண்டு ஏற்பாடுகள் செய்தாள். கோழிக்குத் தீனி போட அவளுடைய தம்பி பூபாலன் வருவான், வீட்டுச் சாவி அவனிடம் இருக்கும். எல்லப்பன் யோசித்தான். வீட்டுச் சாவிதானே என்று விட்டுவிட்டான். இரண்டாவது ஏற்பாடு அவன் சட்டைப் பையைப் பற்றியது. அதில் எந்நேரமும் பேனா மாதிரி ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். போன தடவை தாலி கட்டுகிற நேரத்தில் அவன் மைக் செட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஓய்வுன்னா ஓய்வு," என்று அவள் கையை நீட்டினாள்.

கொடுத்தான். கொடுத்த பிறகு சட்டை இலேசாகிவிட்டது. நெஞ்சில் எதுவோ குறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை டூவீலரில் கிளம்பினார்கள். ஓய்வு விடுதி சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்ததும் ஃபேன் டிக் டிக் என்றது. பிளேடு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, அரைத் திருப்பு போதும். எல்லப்பன் மேலே பார்த்தான். கண்ணை மூடினான். குளியலறையில் குழாய் சொட்டியது. வாஷர் போய்விட்டது. அவன் புரண்டு படுத்தான். அப்புறம் எழுந்து, அவள் பார்க்காத நேரம் ஒரு நாணயத்தோடு கட்டிலின் மேல் ஏறினான்.

"எறங்கு," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

வெயில் தாழ்வதற்கு முன்பே வரலாற்றைப் பார்க்கப் போய்விடலாம் என்று அவன்தான் அவசரப்படுத்தினான். வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றி எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் குனிந்து அடியில் எதை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடினான். எதுவும் இல்லை. முட்டு இல்லாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்ததும் அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. பூபாலனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், கோழிக்குத் தீனி போட்டியா?"

"போட்டுகினே கீறேன் மாமா." அவனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் எதுவோ டமாலென்று விழுந்து உருண்டது.

"இன்னா சத்தம்?"

"சேவல் மாமா. மேலேர்ந்து குதிச்சிது."

எல்லப்பன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். சேவல் குதித்தால் உருளுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

"போலாமா?" என்றான்.

"எங்க?"

"வூட்டுக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

"ரதம் பாக்கல, கடல் பாக்கல. நீதான வரலாறுன்ன."

ரதத்துக்குப் போனார்கள். வடக்கிலிருந்து வந்திருந்த கூட்டமொன்றுக்கு வழிகாட்டி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே பல வேலைகள் பாதியில் நின்றவை, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். எல்லப்பனுக்குப் பல்லவர்கள் மேல் சட்டென்று ஒரு நெருக்கம் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லையே என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னான்.

"அவங்க பாதில வுட்டது மலையில," என்றாள் அவள். "நீ வுட்டது என் ரூம்ல."

அதன் பிறகு கடற்கரை. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வறுத்த மீன் வாங்கித் தின்றாள், விரலைச் சப்பினாள், கலங்கரை விளக்கத்தில் ஏறவேண்டும் என்றாள். அவள் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தாள். அதுதான் எல்லப்பனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ரூமைப் பற்றி அவள் காலையிலிருந்து இரண்டாவது வார்த்தை பேசவில்லை. கேட்டே தீர்வது என்று அவனே ஆரம்பித்தான்.

"இன்னிக்கி அந்த பழைய சாமான்காரன் வந்துருப்பான், இல்ல?"

"வந்துருப்பான்."

"பூட்டியிருக்கறத பாத்துட்டுப் போயிருப்பான்."

"பெரிய பூட்டாச்சே," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை முதலில் கட்டியது எல்லப்பன்தான். வழியில் திருக்கழுக்குன்றம் மலை ஏறிவிட்டுத்தான் வீடு என்று அவள் சொல்லிவிட்டாள். ஏறினார்கள். கும்பிட்டார்கள். இறங்குவாள் என்று பார்த்தால் அவள் பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். உச்சிவேளைக்குக் கழுகு வரும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள்.

"கழுகு வர்றது நின்னு எத்தினி வருசமாச்சு, தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்பறம்?"

"ஒரு நாள் வரும்."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கிழக்கே வயல்களுக்கு அப்பால் வீடு இருக்கிற திசையைப் பார்த்தபடி, கழுகு வராத வானத்தின் கீழ், வெயில் தலைக்கு நேரே வந்து தாண்டிப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அவள் நடுவில் ஒரு தரம் போனைப் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, போகலாம் என்றாள்.

மலையடிவாரத்துக் குளத்தோரம் வண்டியை எடுக்கும்போதுதான் அது நடந்தது. தெருவோரத்தில் ஒருவன் சாக்கை விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பியிருந்தான். தெய்வநாயகி வேறு பக்கம் கையைக் காட்டி, நுங்கு நன்றாக இருக்கிறது என்றாள். எல்லப்பன் ஏற்கெனவே சாக்கின் முன்னால் குந்தியிருந்தான். இரண்டு நாளாகப் பட்டினி கிடந்த விரல்கள் ஒரு பச்சை டேபிள் ஃபேனின் கழுத்தைத் தடவின.

"இந்த மாடல் எங்கிட்ட ஒண்ணு அடியில கெடக்குது மே. இத வச்சி அத ஓட்டிடலாம்." திருப்பிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான். முன்கூண்டில் ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிப்பூ நிற நாடா ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. "பாரு, எவனோ அரைகுறை கை வச்சிருக்கான். பாவாட நாடாவப் போட்டுக் கட்டியிருக்கான். பொண்டாட்டிகாரி எப்பிடி வுட்டாளோ."

தெய்வநாயகி நாடாவைப் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள்.

"எங்க எடுத்த இத?" என்று எல்லப்பன் கடைக்காரனைக் கேட்டான்.

"நேத்து ஒரு வூட்ல அண்ணாத்த. ரூம் நெறைய வச்சிருந்தாரு ஒரு ஆளு. வண்டி ரெண்டு நடை அடிச்சிது. அவுரு ஊர்ல இல்ல போல, வூட்டு ஆளுங்களே..."

"வெலய சொல்லுப்பா," என்றாள் தெய்வநாயகி. "வெயில்ல நிக்க முடியல."

அவளே பேரம் பேசினாள். அவளே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணமும் கொடுத்தாள். எல்லப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு நாள் ஓய்வு ஒரு பெண்ணை இப்படி மாற்றும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ அழைத்து வந்திருப்பான். வண்டியில் வரும்போது முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து வருத்தப்பட்டான்.

"பாவம் மே அந்தாளு. இல்லாத நேரம் பாத்து வித்துட்டாங்க. ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போடத் தெரியல அவனுக்கு."

அவள் ஃபேனை மடியில் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். தன் முதுகில் அவள் தோள் குலுங்குவதை ரோட்டுப் பள்ளம் என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டில் கோழிகள் சௌக்கியமாக மேய்ந்துகொண்டிருந்தன. தெருப்பக்க ரூமில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. ஃபேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துத் திருகினான். பூட்டு நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. கதவை இழுத்தான்.

அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அதன் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை. ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். ஆணியில் மூன்று பிளவுஸ்கள். வேறு ஒன்றுமே இல்லை. மெஷின் பலகையில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், அவனுடைய ஸ்குரூ டிரைவர் இருந்தது.

எல்லப்பன் வெளியே வந்து பூட்டைப் பார்த்தான். பூட்டித் திறந்து பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"பூட்டு ஒடையல," என்றான்.

"இல்ல."

"சாவி எங்கிட்டதான் இருந்துச்சி."

"ஒங்கிட்டதான் இருந்துச்சி."

அப்போதுதான் அவன் கண் கதவின் மறுபக்கம் போனது. பட்டைக் கீல். வெளிப்பக்கம். அதில் வரிசையாக ஸ்குரூக்கள், வெயிலில் பளபளத்துக்கொண்டு. யாரோ கழற்றித் திருப்பி மாட்டியதில் ஒன்றின் தலை இலேசாகத் தேய்ந்திருந்தது. பூபாலனுக்கு எப்போதுமே கை சாய்வு.

"நல்ல வேல செஞ்சிருக்கன்னு சொன்னான் பூபாலன்," என்றாள் தெய்வநாயகி. "கதவு பூ மாதிரி வந்துச்சாம்."

எல்லப்பன் வெறும் ரூமின் நடுவில் போய் நின்றான். அவன் சாம்ராஜ்யத்தில் இப்போது மிச்சம் இடுப்பில் இருந்த ஒரே ஒரு ஃபேன். அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

"இது இருக்கட்டும் மே," என்றான், குரல் இறங்கி. "தைக்க வர்றவங்களுக்குக் காத்து வேணும்ல. ஒரு நாள் ஓடும்."

"ஓடட்டும்," என்று அவள் கையை நீட்டினாள். "மொதல்ல அந்த நாடாவ அவுத்துக் குடு. நாலு வருசமா தேடிகினு கீறேன்."