தலையில தார், கையில கொத்தமல்லி

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. பொடுகை ஒழிக்கறது.

மறுநாள் காலேஜ் மேடையில என் மிமிக்ரி. போடப்போறது கறுப்புச் சட்டை. நான் தலையை ஆட்டினா தோள்ல சிம்லா!

ஆன்லைன்ல பைன் தார் களிம்பு வாங்கினேன். பைன் கட்டையைச் சுட்டு எடுக்கற தாராம். அரிப்பு, பொடுகு ரெண்டுக்கும் நல்லதாம். டப்பாவைத் திறந்தா, எரிஞ்ச வயர் வாசனை! தலையில தடவிண்டேன். பத்து நிமிஷத்துல அலசிடணும்.

நான் பத்து நிமிஷம் சும்மா இருந்தா அம்மாவுக்குப் பொறுக்காது.

"வெறுமனே ஊறிண்டுதானே இருக்கே? கீழ போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிண்டு வந்துடு!"

போனேன். வாங்கினேன். திரும்பி லிஃப்ட்ல ஏறினேன். கதவு மூடற நேரம், வெளியே எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரி குல்கர்ணி அங்கிள் மோப்பம் பிடிக்கற சத்தம்.

"அரே ராம்தீன்! வயர் ஜல் ரஹா ஹை! மெயின் பந்த் கரோ!"

எங்கேயோ வயர் எரியறதாம்! வாட்ச்மேன் ராம்தீன் மெயினை அணைச்சுட்டார். லிஃப்ட் ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுல நின்னுடுத்து. இருட்டு. நான், கொத்தமல்லி, வாசனை.

"அம்மா! லிஃப்ட்ல மாட்டிண்டேன்!"

மேலேர்ந்து அம்மா: "போன வாரமும் இதையேதான் கத்தினே, எதிர்வீட்டு மாமி குரல்ல. இன்னிக்கு யார் குரல்?"

"என் குரல்மா!"

"அது அவ்வளவு நன்னா வரலை."

தார் நெத்தி வழியா மூக்குக்கு இறங்கித்து. மண்டை காந்த ஆரம்பிச்சுடுத்து. என் குரலுக்குத்தான் இந்த பில்டிங்ல மதிப்பில்லையே! மூக்கைப் பிடிச்சிண்டு, தொண்டையை இறுக்கி, 'தூங்கறியா, மெயினைப் போடு'ன்னு அதட்டற குல்கர்ணி அங்கிளா மாறினேன்.

"அரே ராம்தீன்! சோ ரஹா ஹை க்யா? மெயின் சாலூ கரோ!"

"ஜீ சாப்!"

லைட் வந்தது! லிஃப்ட் நகர்ந்தது! எங்க நாலாம் மாடியில கதவு திறந்தது!

வாசல்ல நிஜ குல்கர்ணி அங்கிள். நெருப்பைத் தேடி மாடி மாடியா ஏறி வந்தவர். மூச்சு வாங்கறது. கையில தீயணைக்கற சிவப்பு மணல் வாளி. வழியில தன் குரலைத் தானே கேட்டிருக்கார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தலையை மோந்தார்.

"அரே! ஆக் தோ இதர் ஹை!"

நெருப்பு நான்தான்னு முடிவு கட்டி, வாளியை அப்படியே என் தலையில கவிழ்த்துட்டார்.

நிஜமாவே பயந்துட்டாரா, பழி வாங்கினாரா? முகத்துல ஒண்ணும் தெரியலை. "சேஃப்டி ஃபர்ஸ்ட், பேட்டா"ன்னுட்டுப் போயிண்டே இருந்தார்.

அம்மா கொத்தமல்லியை மூணு தண்ணி அலசினா. என்னை எத்தனைன்னு எண்ணலை.

மறுநாள் மேடையில, கறுப்புச் சட்டை மேல பொடுகு ஒண்ணுகூட விழலை. மணல்தான் விழுந்தது.