எதிர்வீட்டு ஸ்டீம் அவனும் எங்கள் வீட்டு ஓட்டைத் தட்டும்

சங்ககிரி

தாய்மாமன் என்னும் பெரும்பதவியை ஓசூரில் இருந்தபடியே வகித்துவரும் சிவக்குமார் மாமா அவர்களுக்கு, தங்கள் சின்ன அக்கா மைதிலியின் மகள் கிருத்திகா விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், காஸ் அடுப்பு அனைவரும் சுகம். அடுப்பில் ஒரு பர்னர் மட்டும் எரிவதில்லை. அதற்கும் சேர்த்து என் வயிறு எரிகிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அம்மா பார்த்துவிடுவாள். அதனால் இதை அப்பாவின் லாரி டிரைவர் மயில்சாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓசூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலியாகத்தான் வரும் என்பதையும் இப்போதே உங்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

விஷயம் இதுதான் மாமா. உங்கள் பெரிய அக்கா, அதாவது எதிர்வீட்டு சௌந்திரம் பெரியம்மாவின் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்குச் சீராக ஸ்டீம் அவன் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டுப் புண்ணியார்ச்சனைக்குக் கொடுத்தது சுவர்க் கடிகாரம். நன்றாக ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் இட்லி வேகுமா? எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. பெரியம்மா மகள் மதுமதி வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்து, "எங்கூட்ல எண்ணெயே தொடறதில்ல புள்ள, எல்லாம் ஸ்டீம்தான்" என்கிறாள். அவள் காய் ஆவியில் வேகிறது; பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆவியே இல்லாமல் வேகிறேன். பெரியப்பாவைக்கூட 'அவரு' என்கிற பெரியம்மா, தெருவெல்லாம் கேட்க 'எங்க அவன், எங்க அவன்' என்கிறாள். அம்மாவோ, அந்த அவனில் மணி அடிக்கும்போதெல்லாம் எங்கள் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான்.

சரி, சீர் வாங்கியவர்கள் அதை ஒழுங்காக வைத்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. கூடவே வந்த ஓட்டைத் தட்டு, ஓட்டையில்லாத் தட்டு இரண்டையும் கவர்கூடப் பிரிக்காமல் பெரியம்மா ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டாள். கேட்டால், "கீறல் உழுந்துருஞ் சாமி, ஒரம்பரை சனம் வந்தா எடுத்துக்கலாம்." முதல் நாள் நகைக்கடைக்காரன் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவில் பீன்ஸ் வைத்தாள், பீன்ஸ் விறைப்பாக நின்றது, டப்பா குழைந்துவிட்டது. மறுநாள் பிரிட்ஜிலிருந்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, சில்லிப்பு போகுமுன் பாலூற்றி உள்ளே வைத்தாள். 'டப்'பென்று ஒரு சத்தம், பாட்டில் காலி. அடுத்த நாள் மதுமதி என்னிடமே வந்து, "ஏம்புள்ள, பருப்பு சாதத்துக்கு எந்தப் போசி வெக்கறது?" என்று கேட்டாள். கடவுள் வலிய வந்து என்ன வரம் வேண்டும் என்று கேட்டால் விடலாமா மாமா? முகத்தைப் பரீட்சை ஹால் மாதிரி வைத்துக்கொண்டு, "உசரமான தூக்குப்போசியா எடு. மூடிய நல்லா அழுத்தி மூடிரு. இல்லீனா ஆவி பட்டுச் சோத்துல சத்தெல்லாம் போயிரும்" என்றேன். அப்படியே செய்தாள். வெளியே தூக்குக்கு வேர்த்துக் கொட்டியது, உள்ளே அரிசிக்குத் தகவலே தெரியவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்த பெரியப்பா, "ஏனுங் சாமி, இது திங்கறதுக்கா, தலையில போடற அட்சதையா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

இந்தப் புண்ணிய காரியத்தை அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். என் காதைத் திருகிய கையோடு, சந்தகை மாவு வேகவைக்க செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய எங்கள் ஓட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். "அகலமா, தாழ்வா இருக்கோணும்க்கா. ஆவி சுத்தி வர எடம் உடோணும். காய்க்கு ஓட்டைத் தட்டு, சோத்துக்கு ஓட்டையில்லாதது. வாய் முட்ட ரொப்பாதீங்க, மூடி போட்டு இறுக்காதீங்க." அளவெடுத்துச் செய்த மாதிரி தட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அவனும் அங்கே, தட்டும் அங்கே, எங்களிடம் கடிகாரம். இது நியாயமா? ஆகவே அம்மாவுக்கும் ஒரு ஸ்டீம் அவன், பெரியம்மாவுடையதைவிட ஒரு பட்டனாவது கூடுதலாக, இதே லாரியில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வரும்போது உங்கள் செருப்பு எந்தக் கூரைமேல் இருக்கும் என்று இப்போதே சொல்வதற்கில்லை.

உங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது. அதனால் நீங்களும் அத்தையும் பல்வலி, பஞ்சர், பவர்கட் எதுவும் அண்டாமல் வாழ எங்கள் ஊர் மலைக்கோட்டையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன் புழுங்கும்
கிருத்திகா

பி.கு.: மாமா, மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். மயில்சாமி அண்ணன் டீ குடித்து முடிப்பதற்குள் தட்டு திரும்பி வந்துவிட்டது. இரவல் வாங்கிய பாத்திரத்தை நம் பக்கம் யார் வெறுமனே திருப்பித் தருகிறார்கள்? தட்டு நிறையக் கொழுக்கட்டை, ஆவி பறக்க! "இந்தா மைதிலி, உன்ற தட்டு" என்றாள் பெரியம்மா. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். எதிரே அவனில் மணி அடித்தது. அம்மா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "அக்கா, இதவிட அகலமா இன்னொரு தட்டு இருக்குது, கொண்டாரட்டுங்களா?" என்றாள். எனக்குக் குறும்பு எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது. கரண்டு அவர்களுடையது, மாவு அவர்களுடையது, கழுவுவது மதுமதி. எங்களுக்கும் அவன் வந்தால் பெரியம்மா வீட்டுப் பாத்திரம் எங்கள் வாசலில் வந்து நிற்கும்; ரொப்பி அனுப்ப வேண்டியது நாங்கள். அதனால் அவன் வேண்டாம். அகலமாக, தாழ்வாக, நல்ல ஓட்டைத் தட்டுகள் அனுப்புங்கள். அம்மா பெயரைப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். லாரியும் எங்கள் வீட்டுப் பாத்திரம்தான் மாமா, வெறுமனே திருப்பிவிடாதீர்கள்.