பம்ப் அறையும் நாற்பது அர்த்தமுள்ள ‘கெட்’டும்

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போட்டவர்களுக்கு ஒரு தும்மல்கூட வருவதில்லை.

“சூப்பர்வைசர் ஆகணும்னா ரிப்போர்ட்ல இங்கிலீஷ் மணக்கணும் அத்தான்” என்று சொல்லி, நீயே எழுதிய புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா? ‘கெட்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்கு நாற்பது அர்த்தம். வாங்கினாலும் கெட், புரிந்தாலும் கெட், போய்ச் சேர்ந்தாலும் கெட், சளி பிடித்தாலும் கெட். படித்தவன் அதை எழுதவே மாட்டான், அப்டெயின், அக்கொயர், ரிசீவ் என்று விதவிதமாக எழுதுவான் என்று சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தாய். பன்னிரண்டு வருடமாக இந்த ஆறு மாடிக் கட்டடத்துப் பம்ப் அறையில் மோட்டார் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காதவன், நானும் நம்பினேன்.

போன திங்கட்கிழமை பெரிய குழாயில் கசிவு. முன்பென்றால் ‘தண்ணி ஒழுகுது, பிளம்பரை அனுப்புங்க’ என்று துண்டுச் சீட்டில் எழுதியிருப்பேன். இப்போதுதான் மேதாவி ஆகிவிட்டேனே! ‘ஈரமானது தரையை அக்கொயர் செய்துள்ளது, மோட்டாரும் அதை ரிசீவ் செய்யக்கூடும் என்ற எண்ணத்தை அப்டெயின் செய்கிறேன்’ என்று எழுதினேன். மேனேஜர் உருகிப்போனார். “என்னய்யா நடை! எல்லாரும் பார்த்துக் கத்துக்கணும்” என்று ஆறு மாடி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார். ஆறு மாடியும் படித்தது. பிளம்பரும் நின்று படித்துவிட்டு, “யாரோ ரிட்டயர் ஆறாங்க போல” என்று போய்விட்டான்.

புதன்கிழமை மோட்டார் புகைந்து நின்றது. சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமலேயே எல்லோரும் என்னைக் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். “ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே அண்ணே!” என்று பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டான். நாளை விசாரணை. சூப்பர்வைசர் நாற்காலி கிடக்கட்டும், இருக்கிற ஸ்டூலாவது தங்குமா தெரியவில்லை. உண்மையாகவே பயமாக இருக்கிறது மச்சான். உன்னை ஒரு வார்த்தை சொன்னதற்கு உன் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். புத்தகத்தை மோட்டாருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல்முறையாக ஒரு வேலைக்கு ஆகிறது.

நீ நூறாண்டு வாழவும், அதற்குள் இன்னொரு புத்தகம் எழுதாமல் இருக்கவும் வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: விசாரணை முடிந்துவிட்டது. அறிக்கையில் குறையே இல்லையாம்; படித்தும் புரிந்துகொள்ளாத பிளம்பர் மேல்தான் தவறாம். நான் சூப்பர்வைசர்! அவனில் தொடங்கி எல்லோருக்கும் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் வேலை, உன் புத்தகம் ஐம்பது பிரதி அனுப்பு. பெரிய குழாய் மறுபடி ஒழுகுகிறது. ‘ஒழுகுது’ என்பதற்குக் கௌரவமான சொல்லாக ஒன்று உடனே எழுது.