ஒன்பது ஒட்டகச்சிவிங்கிகள்

"இது ஒண்ணுதானா?" என்று கேட்டார் லெட்வாபா அம்மா.

முள்மரத்துக்கு மேலே தலையை நீட்டி நின்ற ஒட்டகச்சிவிங்கி, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல் மெல்லுவதை நிறுத்தியது.

லெசேச்சாவுக்கு வியர்த்தது. அவருடைய விலங்குப் பண்ணைக்கு மூன்று நாள் நடைப்பயணத்துக்கு வந்திருந்தது இந்த அம்மாவும் அவர் கணவரும் மட்டும்தான். விளம்பரத்தில் 'கூட்டம் கூட்டமாக வனவிலங்குகள்' என்று போட்டிருந்தார். போட்டபோது அது உண்மைதான். அப்புறம் வறட்சி வந்தது, வேலி சாய்ந்தது, வரிக்குதிரையும் மானும் அந்தச் சந்து வழியாகவே விடைபெற்றுக்கொண்டன. அதே சந்து வழியாக உள்ளே வந்த ஒரே ஜீவன் இந்த ஒட்டகச்சிவிங்கி.

"இவங்க ரெண்டு பேராவது சந்தோஷமாப் போகணும்" என்று மனைவி மொக்காடி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். "இல்லேன்னா திங்கக்கிழமை ஆட்டுப்பட்டி போட்டுடுவேன். அந்தத் தொப்பியோட ஆட்டுக்குப் பின்னால நடங்க."

சுரங்கத்தில் இருபது வருஷம் பூமிக்கு அடியில் கிடந்தவர் லெசேச்சா. வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, "அதோ பாருங்க" என்று கை நீட்டுவதற்காகவே மேலே வந்தவர். ஆடு என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

"இது காவலுக்கு நிக்கிறதும்மா. மத்ததெல்லாம் குன்றுக்கு அந்தப் பக்கம்" என்று வாயில் வந்ததைச் சொன்னார். பிறகு செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் புதருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

புதருக்குள் குதிரைமசால் தீவனக் கட்டோடு உட்கார்ந்திருந்தான் மைத்துனன் நாரே. அந்தக் கட்டு எங்கே போனாலும் ஒட்டகச்சிவிங்கி பின்னாலேயே போகும்.

"குறுக்கால ஓடு. நாங்க சுத்தி வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்து."

"மாமா, எனக்கு நாப்பது வயசாச்சு."

"அதுக்குக் காலு நீளம், பின்னாலேயே வந்துடும். ஓடுடா!"

குன்றைச் சுற்றி வந்தால், பாறைக்குப் பின்னால் 'இரண்டாவது' ஒட்டகச்சிவிங்கி. லெட்வாபா அம்மா குறிப்பேட்டில் இரண்டு என்று எழுதினார். அவர் கணவர் காலையிலிருந்தே பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆசை யாரை விட்டது? கரையான் புற்றருகே மூன்றாவது, மொட்டைமரத்தடியில் நான்காவது என்று உருப்படி கூடிக்கொண்டே போனது.

"எல்லாம் ஒரே ஜாடையா இருக்கே?" என்றார் அம்மா.

"ஒரே குடும்பம். அக்கா தங்கச்சிங்க."

"அப்ப ஏன் தனித்தனியா நிக்குது?"

"சொத்துத் தகராறும்மா. ஒண்ணு நிக்கிற இடத்துல இன்னொண்ணு நிக்காது."

அம்மா அதையும் எழுதிக்கொண்டார். "குட்டி கிடையாதா?"

லெசேச்சா மறுபடியும் செருப்பு வாரைச் சரிசெய்தார். அரைமணி நேரம் கழித்து, வறண்ட ஓடையின் பள்ளத்திலிருந்து கழுத்து மட்டும் எட்டிப் பார்த்தது.

"அதோ குட்டி! கூச்ச சுபாவம், கிட்டப் போகக் கூடாது."

"ஐயோ, செல்லம்!" என்றார் அம்மா. கணவர் இருமினார். சிரிப்பா இருமலா என்று லெசேச்சாவுக்குப் பிடிபடவில்லை.

கணக்கு ஒன்பதுக்கு வந்தபோது நாரேவின் நாக்கு வெளியே தொங்கியது. போதும் என்று லெசேச்சா முடிவெடுத்தார். இனி ஆடு இல்லை, மொக்காடியின் முகத்தில் விழிக்கலாம்.

அம்மா குறிப்பேட்டை மூடினார். "தண்ணி எங்க குடிக்கும்?"

"இருக்கிறது ஒரே தொட்டிதா..." என்று ஆரம்பித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப அங்கேயே போய் உக்காருவோம். தகராறு இருந்தாலும் தாகம்னு வந்தா ஒன்பதும் வந்துதானே ஆகணும்?"

தொட்டியருகே உட்கார்ந்தார்கள். உப்புக்கண்டத்தைப் பிய்த்துத் தின்றார்கள். லெசேச்சா மட்டும் புதர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடவுளே, நாரேவுக்குக் கொஞ்சம் புத்தி கொடு, அந்தப் பக்கமே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

"மாமா! கட்டு தீந்துபோச்சு மாமா! என் சட்டையைத் தின்னுது!"

புதரைப் பிளந்துகொண்டு நாரே ஓடிவந்தான். சட்டையில் ஒரு கைதான் மிச்சம். இன்னொரு கை, பின்னால் துரத்திவந்த ஒட்டகச்சிவிங்கியின் வாயில் இருந்தது.

"இவரு... ஆராய்ச்சியாளரு" என்றார் லெசேச்சா.

"எதை ஆராய்றாரு, சட்டையையா?" என்றார் அம்மா.

லெசேச்சா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது. "அம்மா, உண்மையைச் சொல்லிடறேன்" என்று தொடங்கினார்.

அப்போதுதான் அந்தக் கணவர் எழுந்தார். பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "நலேடி" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

ஒட்டகச்சிவிங்கி சட்டைக் கையைக் கீழே போட்டது. நேராக நடந்துவந்து, அத்தனை உயரத்திலிருந்து கழுத்தை இறக்கி, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே அவர் லெசேச்சாவைப் பார்த்தார்.

"மத்த எட்டையும் நீங்களே வச்சுக்கங்க தம்பி. எங்க பண்ணையிலேருந்து காணாமப்போனது இது ஒண்ணுதான்."