கேட் விளக்கும் கிளியம்மாளின் கும்பிடும்

ஒரகடம்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கார்முகில் அவர்களுக்கு மாமனார் பலராமன் எழுதிக்கொள்வது. புது வீட்டில் எனக்கும் உங்கள் அத்தை கிளியம்மாளுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. புனேயில் நீங்களும் கவியாவும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டும். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. "ஒண்ணுமில்ல மாப்ள, அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். போன மாதம் முழுவதும் உங்கள் ஊர் மழையைப் பற்றி நான் விசாரித்ததெல்லாம் இந்த விஷயம்தான்.

விஷயம் விளக்குகளைப் பற்றியது. பயப்பட வேண்டாம், எல்லாம் எரிகின்றன. படம் வரைந்து, அறை அறையாகத் திட்டம் போட்டு, நீங்கள் ஆசையாகச் செய்துகொடுத்த ஏற்பாடு அது. குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தண்டலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில், 'அமைதி' என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டு அதற்குள் விளக்கை ஒளித்துவைக்கலாம் என்பதும் இப்போதுதான் தெரியும். ஆகவே உள்விளக்கு, வெளிவிளக்கு என்று பிரித்து முறையாக எழுதுகிறேன். எங்காவது மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் உள்விளக்கு. ஹாலில் மஞ்சள் வெளிச்சம், வெள்ளை வெளிச்சம், இரண்டும் கலந்தது என்று சுவிட்சுகள் வரிசையாக இருப்பதால், நூலகப் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினேன். சீட்டைப் படிக்க உங்கள் அத்தைக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியைத் தேட விளக்கு வேண்டும், விளக்கைப் போடச் சீட்டைப் படிக்க வேண்டும் என்று ஆகி, ஒரு சாயங்காலம் அவள் ஹாலில் நின்றபடியே நான் கடையிலிருந்து வருகிற வரைக்கும் காத்திருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கு சாம்பாரைப் பிரமாதமாகக் காட்டுகிறது, ஆனால் எதிரே சாப்பிடுகிறவர் யாரென்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குன்றத்தூர் வாடகை வீட்டில் எங்களுக்கு நீள ஒயரில் ஒரே குண்டு பல்பு. கவியா கணக்குப் போட்டால் அது ஹால் ஆணியில் தொங்கும், குழம்பு தாளிக்கும் நேரத்தில் அடுப்படி ஆணிக்குப் போய்விடும். "அம்மா, இன்னும் ஒரே ஒரு கணக்கும்மா" என்பாள் அவள். "கடுகு கருகுதுடி, குடு இப்டி" என்று கிளியம்மாள் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். பிள்ளை நோட்டோடு பின்னாலேயே போய் அடுப்படியில் உட்காரும், நானும் பேப்பரோடு போவேன். வெளிச்சம் இருந்த இடத்தில்தான் நாங்கள் மூவரும் இருந்தோம். இப்போது அறைக்கு அறை வெளிச்சம் இருக்கிறது, கிளியம்மாளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இது புகார் அல்ல.

அடுத்தது வெளிவிளக்கு. எனக்குப் பயமாக இருப்பது இதை எழுதத்தான். கேட்டுத் தூணில் நீங்கள் வைத்த சென்சார் லைட், ஆள் அசைந்தால் எரிகிறது, அசையாவிட்டால் அணைகிறது. எங்கள் மனைப்பிரிவில் கம்பங்களை நட்டுவிட்டுப் போனவர்கள் தெருவிளக்கு மாட்ட இன்னும் வரவில்லை. பக்கத்து ஹாஸ்டலில் இருந்து கம்பெனி வேலைக்குப் போகிற தெற்கத்திப் பெண்கள் நைட் ஷிப்ட் பஸ்ஸுக்காக அந்தி நேரத்தில் தெருமுனை இருட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். நம் விளக்கைப் பார்த்ததும் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். நின்றால் அணைந்துவிடுகிறதே! அதனால் முறைவைத்து ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"ஏட்டி கனிஷ்கா, இன்னைக்கு ஒன் முறைலா? ஆட்டுட்டி!"

"அட போட்டி, பேச்சி! நேத்து ஓ.டி. பாத்ததுக்கே கை வலிக்கி. லைன்லயும் ஆட்டணும், இங்கயும் ஆட்டணுமா?"

இதற்கு நடுவே உங்கள் அத்தை. அந்தியில் விளக்கு எரிந்தால் கைகூப்புவது அவளுடைய பிறந்த வீட்டுப் பழக்கம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். விளக்கு எரியும், கும்பிடுவாள். அணையும், பேச்சி கையை ஆட்டுவாள், எரியும், மறுபடியும் கும்பிடுவாள். இந்த அம்மா நம்மைத்தான் கும்பிடுகிறார்கள் என்று அந்தப் பெண்களும் வரிசையாகத் திருப்பிக் கும்பிடுகிறார்கள். பஸ் வருகிற வரைக்கும் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் மாதிரி இரு தரப்பும் கும்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. "உண்மையைச் சொல்லிடேன்" என்றேன். "எப்டிங்க சொல்றது? அதுங்க மூஞ்சி எப்டி மலருது பாத்தீங்களா?" என்கிறாள். அவள் தோளுக்குத் தைலம் தேய்ப்பது நான்தான்.

இது வரைக்கும் சிரிப்புதான். திங்கட்கிழமை அரட்டை சுவாரஸ்யத்தில் கையாட்ட மறந்து விளக்கு அணைந்த நேரம் பார்த்து, பைக்கில் வந்த இரண்டு பேர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். பெண்கள் அலறி ஓடியதில் கனிஷ்கா கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. "ஆட்டுத வரைக்கும் தைரியமா இருக்கு தாத்தா. அணைஞ்சா ஈரக்கொலை நடுங்குது" என்றாள் பேச்சி. நான் எலக்ட்ரீஷியன் மாரியிடம் போய், சாதாரண பல்பு மாட்டலாமா, மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டுமே என்று இழுத்தேன்.

"உன் வூடு, உன் லைட்டு. மாப்ளைய இன்னாத்துக்கு சார் கேக்கற? பயமா கீதா?"

"பயமில்லப்பா, மரியாதை."

"ரெண்டும் ஒண்ணாத்தான் சார் கீது உன் மூஞ்சில."

மாப்பிள்ளை, குன்றத்தூரில் கல்லூரி பஸ் எவ்வளவு தாமதமாக வந்தாலும், மாவு மில் திருப்பத்தில் திரும்பும்போதே எங்கள் வாசல் பல்பு எரிவது தெரியும். யாரோ காத்திருக்கிறார்கள் என்று தூரத்திலேயே சொல்லிவிடும். அதற்கப்புறம் என் நடை தானாகவே வேகமாகிவிடும். இந்த சென்சார் லைட் வீட்டை இருட்டாக வைத்திருந்து, கிட்டே போன பிறகு முகத்தில் அடித்து "யாருய்யா நீ?" என்று கேட்கிறது. என் சொந்தக் கேட்டுக்கு முன்னால் நானே ஒருமுறை "பலராமன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் அதைக் கழற்றிவிட்டு, போட்டால் எரிந்துகொண்டே இருக்கிற ஒரு சாதாரண பல்பை மாட்டிக்கொள்ள உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன். மனம் நோகும் என்றால் வேண்டாம். வேண்டாம் என்றாலும் அந்தப் பெண்களை நினைத்துக் கொஞ்சம் யோசிக்கவும்.

குழந்தைக்கு எங்கள் முத்தங்கள். மூவரும் எல்லா நலத்தோடும் நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து நடுங்கும்,
பலராமன்

பி.கு. (சனிக்கிழமை): உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை மாரியைக் கூப்பிட்டு சாதாரண பல்பை மாட்டிவிட்டாள். "உங்க கடுதாசிக்குப் பதில் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு இன்னொரு காலையும் உடைச்சிக்கும்" என்றாள். சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். விளக்கு அணையவில்லை, யாரும் கையாட்டவில்லை, கிளியம்மாளும் ஒரே ஒரு கும்பிடோடு நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பேச்சி கேட்டுக்கு வந்து, "எங்க மேல கோவமா ஆச்சி? கம்பெனில எங்களுக்கு யாரு வணக்கம் சொல்லுதா? ஒங்ககிட்ட வாங்கிட்டுத்தான் தினம் பஸ் ஏறுவோம்" என்றாள். "லைட்டு அணைஞ்சி எரியாம சும்மா எப்டிடா கும்புடுறது" என்று முணுமுணுத்தபடி உங்கள் அத்தை உள்ளே போய் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு வந்து கும்பிட்டாள். "அப்ப எனக்கு?" என்று நொண்டிக்கொண்டே வந்தாள் கனிஷ்கா. அவளுக்கும் அணைத்துப் போட்டாள். இப்போது ஆள் வந்து நின்றதும் விளக்கு தவறாமல் அணைந்து எரிகிறது. ஆகவே மாப்பிள்ளை, உங்கள் திட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சென்சார் வேலையைக் கிளியம்மாள் பார்த்துக்கொள்கிறாள்.