தொப்பைக்கு அளவெடுத்த கோல்ஃப் மட்டை

கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு குண்டசாலை பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு எங்கள் அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் 'தோணுமா ஐயா'.

ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு கோல்ஃப் மட்டை திருத்தினார். தொப்பைக்காரர்களுக்குக் காலடியில் கிடக்கும் பந்து தெரிவதில்லை என்பது அவருடைய பெருங்கவலை. அதனால் பந்தைத் தொப்பைக்கு அப்பால் வைத்து அடிக்கும்படி கைப்பிடிக்குக் கீழே மட்டையை வளைத்தார். ஆளுக்கு ஆள் வளைவு வேறு. சோறு சாப்பிட்ட பிறகுதான் வயிற்றை அளப்பார். பசியோடு வந்தவர்களைச் சாப்பிட்டுவிட்டு வரும்படி திருப்பி அனுப்புவார்.

இந்த மட்டைக்குப் பேட்டன்ட் என்னும் காப்புரிமை எடுக்கக் கண்டியில் என் சட்ட அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளை குட்டி இல்லாத தனக்கு அந்த வளைவாவது பெயர் சொல்லட்டும் என்றார்.

"வளைஞ்ச மட்டை முன்னமே இருக்குங்க. ஆளுக்கு அளவெடுத்துச் செய்றதும் இருக்கு. ரெண்டையும் சேர்க்கணும்னு இந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சாதாரணமாத் தோணும்னா, பேட்டன்ட் கிடைக்காது," என்றேன்.

"தோணாதுங்க."

"அது எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டு வர்றேன்," என்று எழுந்து போனார்.

தொழில் தெரிந்தவர் என்று நான் சொன்னதை வழியிலேயே விட்டுவிட்டார். மைதானத்தில் பை தூக்குகிறவர்கள், மீன்கடைக்காரர், பல் வைத்தியர் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் மட்டையைக் காட்டி, "இது உங்களுக்குத் தோணியிருக்குமா?" என்று கேட்டார். வட்ஸ்அப்பிலும் படம் போட்டுக் கேட்டார். பஸ் கண்டக்டர் மட்டும், "எனக்குக் கோல்ஃப்பே தோணலீங்களே," என்றாராம். அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து வெற்றி முகத்தோடு வந்தார்.

"ஒருத்தருக்கும் தோணாதாம்."

"எல்லாருக்கும் காட்டிட்டீங்களா?"

"கழட்டியே காட்டினேங்க."

விண்ணப்பம் போடுமுன் ஊருக்குக் காட்டிவிட்டால் கண்டுபிடிப்பு புதியதாக இருக்காது. செய்தவரே காட்டியிருந்தால் சட்டம் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளும். மூன்று வருஷம் பொறுக்காது. அதை அவரிடம் சொன்னேன்.

ஐயா மட்டையின் வளைவைத் தடவினார்.

"அப்போ, யாருக்கு வேணும்னாலும் தோணும்ங்கிறதால கிடைக்காமப் போகலையே?"

"இல்லைங்க. அந்தக் கேள்வி வரைக்கும் நாம போகவே இல்லை."

"போயிருந்தா?"

"உங்களைத் தவிர யாருக்கும் தோணியிருக்காதுங்க," என்றேன்.

அப்படிச் சொல்லச் சட்டப்படி என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.