துடுப்பாட்டத்துக்கு ஒரு மரண அறிவித்தல்

என் மனைவியின் தகப்பனாரை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆள் இப்போதும் கோப்பாயில் சுகமாக இருக்கிறார், இன்று காலையும் பத்து இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனார். ஆனாலும் அன்று வீட்டு முற்றத்தில் கூடிய சனத்தைக் கேட்டால், கொலைகாரன் யார் என்பதில் இரண்டு கருத்து இருக்காது. (தேசிய கிரிக்கெட் அணியின் துடுப்பாட்டம் சரிந்தால் மட்டுந்தான் எங்கள் வீட்டில் யார் பொறுப்பு என்பதில் இரண்டு கருத்து.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான், நானும் வந்தேன். சிவபாதம் மாமா அதிகம் பேசாத மனிதர். வெங்காயத்தைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் மட்டும் வாய் திறப்பார். எனக்கு வெங்காயம் உரிக்கத் தெரியும், அவ்வளவுதான். கிரிக்கெட் பார்க்கும்போது அவருக்குப் பக்கத்தில், விறாந்தையில் கிடந்த மெத்தைச் செற்றியில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். அவர் இராசதுரை மாஸ்டர், கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மாமாவோடு அரிவரி வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். அந்தச் செற்றியில் இரண்டு பேர்தான் இருக்கலாம்.

அணி சரியாத கிழமை இல்லை, இவர்கள் சண்டை பிடிக்காத கிழமையும் இல்லை.

"அத்திவாரம் இல்லாமல் வீடு கட்டலாமோ? தொடக்க ஆட்டக்காரர் ரண்டு பேரும் ஒழுங்கா நிண்டா மிச்சம் ஏன் விழுது?" என்பார் மாமா.

"அவங்களை ஆர் ரீமுக்கை எடுத்தது? அதைச் சொல்லு முதல். தேர்வுக்குழுவிலைதான் பிழை," என்பார் மாஸ்டர்.

காணி வழக்குப்போல வருடக்கணக்காக நடந்துவந்த இந்த விவாதத்தில், ஒரு பின்னேரம் மாஸ்டர் எல்லையைத் தாண்டினார். "தெரிவு எண்டா என்னெண்டு உனக்கு விளங்காது சிவபாதம். நீ தெரிஞ்செடுத்த மருமோனைப் பாத்தாலே தெரியுதே," என்றார்.

நான் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டோடு வந்துகொண்டிருந்தேன். (நியாயமான கருத்துத்தான். நான்கு மாதத்தில் இரண்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டிருந்தேன்.) மாமா ரீவியை நிறுத்தினார். "எழும்படா. என்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்ரை மருமோனைப் பற்றிக் கதைக்காதை," என்றார். மாஸ்டர் தேத்தண்ணி குடிக்காமலே சைக்கிளை எடுத்தார். பிறகு மூன்று கிழமையாக வரவில்லை.

அந்த வீடு என்னுடைய வீடும்தான் என்று எனக்கு முதன்முதலில் பட்டது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் இரவுச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் நாள் போகப்போக வெட்கமாக இருந்தது, ஏனென்றால் என்னால் மாமா தனித்துப்போனார். மாஸ்டரின் இடத்தில் இப்போது நான் இருந்தேன். "தொடக்க ஆட்டக்காரரிலைதான் பிழை, என்ன தம்பி?" என்பார். "ஓம் மாமா," என்பேன். அத்தோடு கதை முடிந்துவிடும். ஓம் போடுகிற மனிதனை வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பது உப்பில்லாத கஞ்சி குடிப்பது மாதிரி என்பது எனக்கே விளங்கியது.

அந்த நிலையில்தான் அந்தப் பெரிய சரிவு வந்தது. அன்று தொடக்க வீரர்கள் இருவரும் நன்றாகவே ஆடினார்கள். மாமி தேத்தண்ணி ஊற்றப் போய்த் திரும்பி வருவதற்குள் நடுவரிசையில் நான்கு பேர் போய்விட்டார்கள். "அவங்கள் ரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நிண்டிருக்கவேணும்," என்றார் மாமா. நான் ஓம் என்றேன். அவர் வாசல் படலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனார். மாஸ்டர் இருந்திருந்தால் அந்த நான்கு விக்கெட்டுக்கு இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்திருப்பார்கள்.

மாமாவை எப்படியாவது சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் மரண அறிவித்தல். சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் கொம்பியூட்டரில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லித்தந்த பாடம் இது: "தம்பி, ஒருத்தரும் உதை மேலையிருந்து கீழை வாசிக்கிறேல்லை. படத்தைப் பாப்பினம், பேந்து எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கினம் எண்டு பாப்பினம். நடுவிலை கிடக்கிறதெல்லாம் சொந்தக்காரர் கோவிக்காமல் இருக்கிறதுக்கு."

இந்தப் பாடத்தை மனப்பாடமாக வைத்திருந்த நான்தான், அடுத்த நாள் காலையில் ஒரு பூச்சட்டத்தை எடுத்து இப்படி அடித்தேன்:

"பல கிண்ணங்களைக் கண்டதும், அண்மைக்காலமாகச் சுகவீனமுற்றிருந்ததுமான தேசிய அணியின் துடுப்பாட்டம் நேற்றுப் பிற்பகல் அகால மரணமடைந்தது. அன்னார் தொடக்க வீரர்களின் பாசமிகு பிள்ளையும், நடுவரிசையின் அன்புச் சகோதரமும், தேர்வுக்குழுவின் அருமை மருமகனும் ஆவார். இறுதிக்கிரியைகள் இன்று பிற்பகல் 3 மணிக்குக் கோப்பாய் சிவபாதம் இல்லத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மருமகன்."

எல்லாம் சரி, சட்டத்தின் நடுவில் முட்டை வடிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. துடுப்பாட்டத்துக்கு முகமில்லை. ஆகையால் எங்கள் கல்யாணத்தில் சால்வையோடு எடுத்த மாமாவின் படத்தை அதில் போட்டேன். (அழகான படம். அதைப் பார்த்து நானே ரசித்தேன்.) குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ஐந்து நாட்டில் இருக்கும் எங்கள் சனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பிறகு போனை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அவசரமாகக் கேட்டிருந்த கல்யாணக் காட் வேலையில் இறங்கினேன்.

மத்தியானம் அச்சகத்துப் போன் அடித்தது. என் மனைவி கவிதா.

"இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன செய்துவைச்சனீங்கள்? வீட்டிலை கதிரை இறக்கினம்."

மோட்டார் சைக்கிளில் பறந்தேன். ஒழுங்கைக்குள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் நின்றது, அதன் பெட்டியில் நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டார் பெரிய கேத்தில் பாத்திரம் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார்கள். முற்றம் கொள்ளாத சனம். நான் நடுவில் நின்று, "மாமா சாகேல்லை. செத்தது துடுப்பாட்டம்," என்று சொன்னேன். திரும்பவும் சொன்னேன்.

ஒரு பெரியவர் என் தோளைத் தடவி, "பாவம் பொடியன், அதிர்ச்சியிலை கதைக்கிறான். ஆராவது தண்ணி குடுங்கோ," என்றார். தண்ணி தந்தார்கள்.

உள்ளே மாமி கட்டிலில் இருந்தார். என் கையைப் பிடித்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. காலமை சைக்கிளிலை புத்தூர்த் தோட்டத்துக்குப் போனவர், போனையும் விட்டிட்டுப் போட்டார். கவிதா பகிடி எண்டுதான் சொல்லுறாள். ஆனால் இவ்வளவு சனமும் அழுதுகொண்டு வந்தா நான் என்னத்தை நம்பிறது?"

"அது என்ரை பகிடி மாமி. மாமாவுக்கு ஒண்டுமில்லை," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே பயமாக இருந்தது, ஏனென்றால் மாமா வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது. என் வாழ்க்கையில் என்னை நானே அவ்வளவு வெறுத்த நேரம் வேறில்லை.

அப்போதுதான் இராசதுரை மாஸ்டர் வந்தார். கையில் மாலை, சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, வேலியில் சாய்த்துவிட்டு நேரே விறாந்தைக்குள் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. செற்றியில் தன் பக்கத்தில் போய் இருந்தார். மாமா வழக்கமாக இருக்கும் பக்கத்தில் மாலையை வைத்தார்.

"நீ சொன்னது சரியடாப்பா," என்றார் அந்த வெறும் இடத்தைப் பார்த்து. "தொடக்க ஆட்டக்காரரிலைதான் பிழை. நான் ஒத்துக்கொள்ளுறன். மூண்டு கிழமை உன்னோடை கதைக்காமல் இருந்திட்டன்."

எனக்குக் கண் கலங்கியது. பகிடி என்று நான் வாய் திறப்பதற்குள் குசினிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"உதை அண்டைக்கே சொல்லியிருந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

பின் படலையால் வந்த மாமா, தோளில் ஒரு கட்டு வெங்காயத் தாளோடு குசினி வாசலில் நின்றார். (சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அதுதான் சுணக்கம்.) மாமி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வைதார், வைதுகொண்டே அழுதார். முற்றத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தார். மாஸ்டர் எழும்பி, மாமாவின் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்து, கட்டிப்பிடித்து, குழந்தை மாதிரி அழுதார். வெங்காயத் தாள் முழுக்க நசிந்துபோனது.

பிறகு மாஸ்டர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது செத்தவனுக்கு. உயிரோடை இருக்கிறவனுக்கு அது செல்லாது," என்றார்.

"இவ்வளவு சனம் கேட்டது."

"கேக்கட்டும். பிழை தேர்வுக்குழுவிலைதான்." என்னை ஒரு பார்வை பார்த்தார். "மருமோன் விஷயத்திலை நான் அண்டைக்குச் சொன்னதும் பிழையோ?"

மாமா அறிவித்தலை யாருடைய போனிலோ வாங்கி மேலிருந்து கீழாக முழுதாக வாசித்தார். அதை அப்படி வாசித்த முதல் மனிதர் அவர்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

"மருமோன் விஷயத்திலை நீ சொன்னது சரிதான் இராசதுரை," என்றார் கடைசியில். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்த மனிதர் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். "குணரத்தினம் வரேல்லையோ? அவன்ரை தாயின்ரை செத்தவீட்டிலை நான் நாலு நாளும் நிண்டனான்," என்று மிகவும் மனவருத்தப்பட்டார்.

ரொறன்ரோவிலிருந்து அவருடைய தங்கை ரஞ்சி அழுதுகொண்டு போன் அடித்தபோது மாமாவே எடுத்து, "ஓம், நான்தான்," என்றார். மறுபக்கத்தில் போன் விழுந்த சத்தம் எங்களுக்கும் கேட்டது.

அன்று மாஸ்டர் செற்றிக்குத் திரும்பினார், நான் இறங்கினேன். கதிரைக்காரர் ஏற்றும்போது ஒரு நீலக் கதிரையை மறந்துவிட்டுப் போனார். மாமா அதைத் திருப்பி அனுப்ப விடவில்லை, அது இங்கே இருந்த நாட்களுக்கு வாடகையும் கொடுத்து விலைக்கே வாங்கிவிட்டார். அதுதான் இன்றுவரை என்னுடைய இருக்கை. அணி சரியும்போதெல்லாம் ரஞ்சி மாமி போன் எடுத்து, "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்பார். மாமா, "மூண்டு மணிக்கு," என்று சொல்லிவிட்டு வைப்பார்.

போன கிழமையும் சரிந்தது. ஆறாவது விக்கெட் விழுந்ததும் மாஸ்டர் என் கதிரைப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தமுறை என்ரை படத்தைப் போடும். ஆர் ஆர் வருகினம் எண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

மாமா ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போடாதேங்கோ தம்பி," என்றார். "பேந்து நான் தேர்வுக்குழுவிலைதான் பிழை எண்டு சொல்லி அழவேண்டி வரும்."